மாவுக்கட்டில் பதினான்கு வளைவுகள்

மே மாதம். சீசன்.
ஊட்டிக்குப் போகிற வண்டியெல்லாம்
குன்னூர் ஏறியதும் எங்கள் வாசலோரம் நின்று மூச்சு வாங்குகிறது.
என் வண்டி மட்டும் உறை போர்த்தித் தூங்குகிறது.
பதினெட்டு வருடம் மலையில் ஓட்டிப் பள்ளம் பார்க்காதவன்
விழுந்தது பாத்ரூமுக்கு இறங்கும் மூன்றாவது படியில்.
பாசி. அவ்வளவுதான்.

லோஜினி ஏழு மணிக்கு
தேயிலை ஃபேக்டரி பஸ் பிடிக்க ஓடும்போது சொன்னாள்:
'டிவியைப் போட்டு விட்டுடாதீங்க,
கைக்கு ஏதாவது வேலை குடுங்க.'
யார் கைக்கு என்று கேட்பதற்குள்
பஸ் போய்விட்டது.

முதல் நாள் தீப்பெட்டி.
ஆறு பெட்டியைக் கோத்தால் ரயில் என்றேன்,
என் பழைய சட்டைப் பொத்தான்கள் சக்கரம்.
ஒற்றைக் காலில் நின்று மைதாப் பசை காய்ச்சினேன்.
திரும்புவதற்குள் பிரதுல் அதில் சர்க்கரை போட்டுப்
பாதியை நக்கிவிட்டான்.
மீதியில் ஒட்டிய ரயில்
ராத்திரியோடு எறும்புக்குச் சொந்தம்.
'கூட்டம் நிறைய, யாரும் டிக்கெட் எடுக்கல'
என்றாள் தர்ஷிகா, குனிந்து பார்த்து.

பக்கத்து லயன் போஜன்
டவுசர் பை கிழியக் கற்பூரமரக் காய் கொண்டுவந்தான்.
மாலை கோக்கலாம் என்று நான்தான் வாயை விட்டேன்.
கோணி ஊசி வளைந்தது,
காய் வளையவில்லை.
பைன் காய்க்கு மூக்கு வைத்த முள்ளம்பன்றி தேவலை.
அது ஜன்னலில் மூன்று நாள் இருந்தது,
ஈரம் பட்டதும் முள்ளை மடக்கிக்கொண்டது.

நான்காம் நாள் மழை.
நோட்டின் கடைசிப் பக்கங்கள் தீர்ந்தன.
காலண்டரில் ஏப்ரல் முழுக்கத் தீர்ந்தது.
மூன்று தலைகளும் மெதுவாகத் திரும்பின,
வீட்டில் வெள்ளையாக மிச்சம் இருந்த ஒரே இடத்துக்கு.

'ஆட்டாதீங்க அப்பா.'

கட்டைவிரல் கல்லாறு.
முழங்கால் குன்னூர்.
இடையில் ரோடு போட வேண்டியது நான்,
படுத்தபடி,
கண்ணை மூடிக்கொண்டு:
இங்கே இடது, கொஞ்சம் நேராக,
இனி ஒடித்துத் திருப்பு,
லாரி வந்தால் ஒதுங்க இடம் விடு.
'கொண்டை ஊசின்னா யாரோட கொண்டை?'
கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை,
பாறைக்கு முடி வரைந்துகொண்டிருந்தான்.

ஒன்பதாவது வளைவில்
மிச்சப் பசையைத் தடவி ஒரு கற்பூரக் காயை அழுத்தினான்.
'காட்டெருமை.'
அங்கே அது வராதுடா என்றேன்.
'வரும். ஒட்டியாச்சு.'

அப்புறம் இரண்டு வாரம்
ஏழாவது வளைவுக்குக் கீழே அரித்தது.
சொரிய வழியில்லை, பாதை அடைப்பு.
ஒரு ராத்திரி லோஜினி
தேயிலைத் தூள் மணக்கிற கையால்
குதிகாலுக்கு அடியில் என்னவோ எழுதினாள்.
என்ன என்று பிள்ளைகளும் சொல்லவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மிஷினை எடுத்தவரிடம்
தர்ஷிகா சொன்னாள்:
'பள்ளத்துப் பக்கமா வெட்டுங்க சார், ரோட்டை வெட்டாதீங்க.'
அவரும் பார்த்துத்தான் வெட்டினார்.
ஆனாலும் நான்காவதும் பதினொன்றாவதும் போயின.
நிலச்சரிவு என்று ஒத்துக்கொண்டார்கள்.
உள்ளே இருந்து வந்தது
யாருடையதோ போல ஒரு கால்,
வெளுத்து, மெலிந்து, செதில் செதிலாக.
கல்லாற்றுக்கும் கீழே, குதிகாலில்:
'தவணை 10ஆம் தேதி.'
பக்கத்தில் ஒரு பூ.

ஜூனில் சீசன் முடிந்துவிட்டது.
பனியில் ஒரே ஒரு சவாரி, மேட்டுப்பாளையம் வரை.
இறங்கும்போது அந்த வளைவில்
கை தானாக ஹாரனை அழுத்தியது.
எதிரில் வண்டி இல்லை.
எதுக்குப்பா என்றார் பின்சீட்டில் இருந்தவர்.
காட்டெருமை சார் என்றேன்.
அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.